கில்பெக் கிராமத்துச் சர்ச்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போன வாரம் கில்பெக் தேவாலயத்தின் படங்கள் சிலவற்றைப் பகிர்ந்திருந்தேன். அன்றிலிருந்து கேள்விகள் வந்தபடியே இருக்கின்றன. ஹெரிஃபோர்ட் பக்கம் குடிவந்து பதினாறு வருடமாகிறது. அந்தச் சர்ச்சுக்குள் எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

ஊர்சுற்றி: அக்கா, படத்தில் ரொம்பச் சின்னதாகத் தெரிகிறதே. இதைக் கட்டியது யார்? அந்த ஊர் எங்கே இருக்கிறது?

சின்னதுதான் தம்பி. ஒரு முனையில் நின்று சாதாரணக் குரலில் பேசினால் மறுமுனைக்குக் கேட்கும்.

கில்பெக் இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், ஹெரிஃபோர்ட் நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 14 கிலோமீட்டரில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் வேல்ஸ் எல்லை. அந்தக் காலத்தில் இது வெல்ஷ் மக்கள் தங்கள் சொந்த வழக்கங்களோடு வாழ்ந்த பகுதி. 1086இல் வில்லியம் மன்னர் எடுக்கச் சொன்ன நிலக் கணக்கெடுப்பில் இந்தப் பக்கத்துக் குடிகள் வரியாகத் தேன் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரி இனிக்கும்.

அந்தக் கணக்கெடுப்பின்போது ஊர், பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களில் ஒரு பிரபுவின் கையில் இருந்தது. அவர் வழிவந்த ஹியூ என்பவர் 1134இல் இங்கிருந்த தேவாலயத்தைக் குளோஸ்டர் மடத்துக்கு எழுதிவைத்தார். இன்று நாம் பார்க்கும் கட்டடம் 1140ஐ ஒட்டி எழுந்தது. அதற்கு முன்பும் இங்கே ஒரு கோயில் இருந்திருக்கிறது. கூடத்தின் வடகிழக்கு மூலையில் சுவரின் கல்லடுக்கு மட்டும் வேறு மாதிரி இருக்கும். அது பழைய கட்டடத்தின் மிச்சம்.

அமைப்பு எளிது. மூன்று அறைகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. முதலில் மக்கள் கூடும் நேவ். அடுத்து பாதிரியாருக்கான சான்சல். கடைசியில் பலிபீடம் இருக்கும் அரைவட்ட அறையான ஏப்ஸ். உள்ளே போகப் போக அகலமும் குறையும், உயரமும் குறையும். நேவில் நின்று பார்த்தால் கண் தானாகவே பீடத்தில் போய் நிற்கும்.

தச்சன் மகன்: வெளிச்சுவரில் கூரைக்குக் கீழே வரிசையாகத் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவே, அவை எதற்கு?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்!

அவற்றுக்குக் கார்பெல் என்று பெயர். சுவரில் புதைத்து வெளியே நீட்டிவிட்ட தாங்கு கற்கள். கூரை விளிம்பின் கல்வரிசை அவற்றின்மேல் உட்கார்ந்திருக்கும். வேலை என்று பார்த்தால் அவ்வளவுதான், வெறும் கல்லாக விட்டிருந்தாலும் போதும். கில்பெக் சிற்பிகள் ஒவ்வொன்றையும் ஓர் உருவமாக்கிவிட்டார்கள். இப்போது 85 மிஞ்சியிருக்கின்றன. 1842இல் ஓர் ஓவியர் எல்லாவற்றையும் வரைந்து வைத்தபோது இதைவிட ஆறு கூடுதலாக இருந்தன.

சிலுவை ஏந்திய ஆட்டுக்குட்டி இருக்கிறது. அது கிறிஸ்துவின் அடையாளம். பக்கத்திலேயே பன்றி, ஆட்டுக்கடா, யாழ் போன்ற ஏதோ ஒன்றை வாசிக்கும் இசைக்காரர், வாயில் எதையோ கவ்விய மிருகங்கள். எல்லாருக்கும் பிடித்தது நாயும் முயலும். இரண்டும் ஒரே கல்லில், கன்னத்தோடு கன்னம் வைத்து நம்மையே பார்க்கும். நாய்க்குத் தொங்கும் காது, முயலுக்கு நீண்ட காது, இரண்டுக்கும் உருண்டைக் கண். ஏறத்தாழ 880 வருடத்துக்கு முந்தைய வேலை என்று சொன்னால் குழந்தைகள் நம்பவே மாட்டார்கள்.

இவற்றுக்கெல்லாம் ஒரே பொருள் கண்டுபிடிக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். நாய் என்றால் இது, பன்றி என்றால் அது என்று பட்டியல் போட்டவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சிலவற்றில் வேதம் இருக்கிறது. சிலவற்றில் விலங்குகளைப் பற்றி அன்று சொல்லப்பட்ட நீதிக்கதைகள் இருக்கின்றன. மற்றவை, உளி பிடித்தவர் தன் கைத்திறனில் மகிழ்ந்து செய்தவை என்றே நினைக்கிறேன்.

கயல்: மேடம், அதே வரிசையில் ஒரு பெண் உருவம் இருப்பதாகப் படித்தேன். கோயிலில் அப்படி ஒன்றை எப்படி வைத்தார்கள்?

நேராகவே சொல்கிறேன். பெரிய தலை, வட்டக் கண்கள், தன் பெண்ணுறுப்பை இரு கைகளாலும் விரித்துக் காட்டும் உருவம். இப்படிப்பட்ட உருவத்துக்கு வழங்கும் ஷீலா ந கிக் என்ற பெயர் அயர்லாந்திலிருந்து வந்தது. அங்கேயும் பிரிட்டனிலும் இப்படிப்பட்ட சிற்பங்கள் பல இருக்கின்றன. அவற்றில் மிக நன்றாகப் பிழைத்திருப்பவற்றில் கில்பெக் உருவமும் ஒன்று.

காமத்தின் கேட்டை எச்சரிக்க வைத்தது என்பது ஒரு கருத்து. தீய சக்தியை விரட்டும் காவல் உருவம் என்பது இன்னொன்று. பிள்ளைப்பேற்றோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. எச்சரிக்கை என்பதை ஏற்க எனக்குத் தயக்கம். பயமுறுத்தவோ அருவருப்பூட்டவோ நினைத்துச் செய்த முகமாக அது இல்லை.

நான் சொன்ன 1842 ஓவியர், ஒரு கோமாளி தன் நெஞ்சைத் திறந்து இதயத்துக்கு வழி காட்டுவதாக இதற்கு விளக்கம் எழுதினார். கண்முன் இருப்பதை அந்தக் காலத்துக் கண் பார்க்க மறுத்திருக்கிறது.

வெண்ணிலா: அந்தச் சிற்பிகளின் பெயர் தெரியுமா?

பெயர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவர்கள் கை மட்டும் தெரியும். இதே பாணியில் இந்த மாவட்டத்தில் வேறு பல ஊர்களிலும் வேலை இருப்பதால் ஆய்வாளர்கள் இதை ஹெரிஃபோர்ட்ஷயர் சிற்பக் குழு என்று அழைக்கிறார்கள். ஈர்ட்ஸ்லியின் ஞானஸ்நானத் தொட்டியில் இரண்டு வீரர்கள் சண்டையிடுகிறார்கள். காசில் ஃப்ரோம் தொட்டியைக் குனிந்த உருவங்கள் முதுகில் சுமக்கின்றன. பிரின்சாப்பில் புனித ஜார்ஜ் குதிரைமேல் இருக்கிறார். ஒன்றைப் பார்த்துப் பழகிவிட்டால் மற்றவற்றை அடையாளம் காண்பது சுலபம்: கயிறு திரித்தாற்போல் துணி மடிப்பு, புடைத்த கண், ஒன்றோடொன்று பின்னிய கொடி.

கில்பெக்கின் தெற்கு வாசலில் இதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். நிலைக்கு மேலே அரைவட்டக் கல்லில் ஒரு மரம், திராட்சைக் குலைகளோடு. இடது தூணில் கொடிகளுக்குள் சிக்கியபடி இரண்டு வீரர்கள். இருவருக்கும் கால்சட்டை. வலது தூணின் தலையில் ஒரு முகம், வாயிலிருந்து இலைகள் கொப்புளித்துப் படர்கின்றன. மேற்குச் சுவரின் மூலைகளிலோ, வாய் திறந்த பாம்புத் தலைகள் கப்பலின் முகப்பைப்போல வெளியே நீட்டி நிற்கும்.

இவ்வளவு தூரத்துக் கிராமத்தில் இந்த அறிவு எப்படி வந்தது? விடையின் ஒரு பகுதி ஷாப்டன் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே 1130களில் ஆலிவர் டி மெர்லிமாண்ட் என்ற அதிகாரி ஒரு தேவாலயம் எழுப்பினார். அவர் ஸ்பெயினின் சாண்டியாகோவுக்குப் புனிதப் பயணம் போய்வந்தவர். கில்பெக்கின் உள்ளே, சான்சல் வளைவின் இரு பக்கமும் அப்போஸ்தலர்கள் மூவர் மூவராக, ஒருவர் தலைமேல் ஒருவராக நிற்கிறார்கள். சாண்டியாகோ பேராலயத்தின் தெற்கு வாசல் தூண்களிலும் உருவங்கள் இப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. யாத்திரை போனவர் கண்ட காட்சி இங்கே கல்லில் இறங்கியிருக்கிறது.

அருள்: 880 வருட மழையிலும் பனியிலும் எப்படி அக்கா இவ்வளவு கூர்மையாக இருக்கிறது? திருப்பிச் செதுக்கினார்களா?

திருப்பிச் செதுக்கவில்லை. இது அந்தப் பகுதியின் சிவப்பு மணற்கல். மணற்கல்லில் நல்லதும் உண்டு, உதிர்ந்து போவதும் உண்டு. இவர்களுக்கு வாய்த்தது நல்ல படுகை. தெற்கு வாசலுக்கு முன் 19ஆம் நூற்றாண்டுவரை மரத்தால் ஒரு முன்வாசல் மூடியிருந்தது. அதுவும் காப்பாற்றியது.

ஆனால் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருப்பதாக நான் நம்புகிறேன். கில்பெக்கில் பிற்காலத்தில் பணம் இல்லை. சர்ச்சுக்குப் பின்னால் மண்மேட்டின்மேல் ஒரு கோட்டை இருந்தது. ஜான் மன்னரே பலமுறை வந்து தங்கியிருக்கிறார். கோட்டையைச் சுற்றி ஊரும் இருந்தது. பிறகு கோட்டை இடிந்தது, ஊரும் சுருங்கியது. பக்கத்து வயலில் பழைய வீட்டுமனைகளின் மேடுபள்ளங்கள் இன்றைக்கும் தெரியும், மாலை வெயில் சாய்வாக விழும்போது போய்ப் பாருங்கள். செழித்த ஊராக இருந்திருந்தால் 15ஆம் நூற்றாண்டிலேயே இதை இடித்துவிட்டுப் பெரிய சன்னல்களும் உயர்ந்த கோபுரமும் வைத்துக் கட்டியிருப்பார்கள்.

ஷாப்டனுக்கு நடந்ததைக் கேளுங்கள். 1750களில் அந்த ஊர் எஜமானர்கள் பழைய தேவாலயத்தை இடித்துவிட்டுப் புது நாகரிகத்தில் ஒன்று கட்டினார்கள். பழைய செதுக்கு வளைவுகளைத் தூக்கிக்கொண்டு போய், தோட்டத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று மேட்டின்மேல் நட்டுவைத்தார்கள். இரண்டரை நூற்றாண்டு மழை நேராக அடித்ததில் அவை கரைந்துவிட்டன. முகங்கள் இல்லை, கைகள் இல்லை, கொடிகள் தழும்பாகத்தான் தெரிகின்றன. கில்பெக்கைக் காலையிலும் ஷாப்டனை மதியத்திலும் பார்த்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மணிமாறன்: வெளியே இவ்வளவு அலங்காரம், உள்ளே வெறும் வெள்ளைச் சுவரா?

அன்றைக்கு வெறுமையாக இருந்திருக்காது. நடுக்காலத்து ஆங்கிலக் கிராமத் தேவாலயம் என்றாலே நிறம்தான். படிக்கத் தெரியாத மக்களுக்குச் சுவர்தான் புத்தகம். சான்சல் வளைவுக்கு மேலே பெரும்பாலும் இறுதித் தீர்ப்பு நாளை வரைவார்கள்: நடுவில் கிறிஸ்து, ஒரு பக்கம் மோட்சத்துக்குப் போகிறவர்கள், மறுபக்கம் பிசாசுகள் இழுத்துப்போகும் பாவிகள்.

1540களின் கடைசியில் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் படங்களையும் சிலைகளையும் அகற்றச் சொல்லி ஆணை வந்தது. சுவர்களில் சுண்ணாம்பு பூசி, படம் இருந்த இடத்தில் வேத வசனங்களையும் அரச சின்னத்தையும் எழுதினார்கள். நூறு வருடம் கழித்து உள்நாட்டுப் போர்க்காலத்தில் மறுபடியும் ஓர் அலை. வில்லியம் டவ்சிங் என்பவர் 1644இல் சஃபோக் மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய் எதை உடைத்தோம், எதை உடைக்கச் சொன்னோம் என்று நாட்குறிப்பே எழுதி வைத்தார். ப்ளைத்பரோவில் தேவதூதர்களை இறக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அந்த ஊர்க் கூரையில் மரத் தேவதூதர்கள் இன்னமும் சிறகு விரித்தபடி இருக்கிறார்கள்.

சுண்ணாம்பு அழித்தது என்று நினைக்கிறோம், பல இடங்களில் அதுதான் காப்பாற்றியது. அதே சஃபோக்கில் வென்ஹாஸ்டன் என்ற கிராமம். 1892இல் சர்ச்சைப் பழுதுபார்த்தபோது, வளைவை அடைத்திருந்த வெள்ளையடித்த பழைய பலகைகளைக் குப்பை என்று கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவில் மழை பெய்தது. விடிந்து பார்த்தால் சுண்ணாம்பு கரைந்து, பலகைகளிலிருந்து இறுதித் தீர்ப்பின் முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. 1500ஐ ஒட்டி வரைந்த ஓவியம் அது. இப்போது அதே சர்ச்சுக்குள் மாட்டியிருக்கிறார்கள்.

சுப்பு: அந்தக் காலத்தில் பெஞ்சு இருந்ததா?

பெரும்பாலும் இல்லை. நின்றார்கள், முழங்காலிட்டார்கள். முடியாதவர்களுக்குச் சுவரோரம் கல் திண்ணை இருக்கும். 15ஆம் நூற்றாண்டில்தான் மர இருக்கைகள் பரவலாயின. 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் நீண்ட பிரசங்கம் வழக்கமானதும் அவை கட்டாயத் தேவையாகிவிட்டன.

ரயில்வே ராஜு: யார்க்ஷயரில் வயல் நடுவே தனியாக ஒரு சர்ச் பார்த்தேன். பிளேக்கில் ஊரே செத்துவிட்டது என்று கூட வந்தவர் சொன்னார். உண்மையா மேடம்?

பத்துக்கு ஒன்பது இடத்தில் இந்தக் கதையைச் சொல்வார்கள். பெரும்பாலும் நடந்தது வேறு.

1348இல் கொள்ளைநோய் இங்கிலாந்துக்குள் வந்தது, ஊர்களில் பாதிப் பேர்வரை கூட மாண்டார்கள், அதெல்லாம் உண்மை. ஆனால் மிஞ்சியவர்கள் பல ஊர்களில் தொடர்ந்து வாழ்ந்தார்கள். யார்க்ஷயரின் வாரம் பெர்சி இதற்குத் தெளிவான சான்று. 1950 முதல் 1990 வரை ஒவ்வொரு கோடையிலும் அங்கே அகழாய்வு நடந்தது. நோய்க்குப் பிறகும் நூறு வருடத்துக்கு மேல் ஊர் இருந்திருக்கிறது. 1500ஐ ஒட்டித்தான் கடைசிக் குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. நிலக்காரருக்கு உழவனைவிட ஆடு லாபம். கம்பளிக்கு நல்ல விலை இருந்த காலம்.

அங்குள்ள சர்ச்சின் சுவரே ஊரின் கதையைச் சொல்லும். மக்கள் பெருகியபோது பக்கக் கூடங்கள் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். குறைந்தபோது அவற்றை இடித்து, இடைவளைவுகளைக் கல்லால் அடைத்தார்கள். அடைத்த வளைவுகள் இன்றும் சுவரில் அப்படியே தெரிகின்றன.

நோயின் நேரடிச் சாட்சி வேண்டுமென்றால் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் ஆஷ்வெல்லுக்குப் போங்கள். கோபுரத்தின் உட்சுவரில் யாரோ கூர்மையான ஒன்றால் லத்தீனில் கீறியிருக்கிறார்கள். 1350ஐக் குறித்து, இரங்கத்தக்க, கொடிய, வெறிபிடித்த காலம் என்கிறது. மிஞ்சிய கடைகெட்ட மக்கள்தான் சாட்சி என்கிறது. முடிவில் 1361இல் புனித மாரஸ் நாளன்று உலகை அதிரவைத்த பெருங்காற்றைச் சொல்கிறது. அந்த எழுத்தின்மேல் விரல் வைக்கக் கூடாது, வைக்கவும் மனம் வராது. எழுதியவர் எத்தனை பேரைப் புதைத்துவிட்டு அங்கே வந்து நின்றாரோ.

தமிழ்ச்செல்வன்: பார்த்ததும் எந்த நூற்றாண்டு என்று சொல்ல ஏதாவது குறுக்கு வழி?

வளைவைப் பாருங்கள். அரைவட்டமாக, சுவர் தடித்து, சன்னல் சிறுத்திருந்தால் நார்மன், ஏறக்குறைய 1180வரை. கூர்முனை வளைவும் ஒடுங்கிய உயர்ந்த சன்னலும் என்றால் 13ஆம் நூற்றாண்டு. சன்னல் உச்சியில் கல் கொடிபோல வளைந்து நெளிந்தால் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. நேர்கோடுகள் மேலிருந்து கீழ்வரை ஓடும் அகன்ற சன்னல் என்றால் அதற்குப் பின், 1530கள்வரை. இந்தக் காலங்களுக்கு இன்று வழங்கும் பெயர்களை 1817இல் தாமஸ் ரிக்மன் சூட்டினார்.

ஆனால் ஒரே சர்ச்சில் நான்கும் இருக்கும். அதனால் கட்டடத்துக்கு வயது கேட்காதீர்கள், சுவர் சுவராகக் கேளுங்கள். சன்னல் மாறியிருக்கும், சுவர் பழையதாக இருக்கும். கூரை தாழ்ந்திருக்கும், பழைய கூரையின் சாய்வு மட்டும் கோபுரச் சுவரில் கோடாக நிற்கும்.

அகிலா: இதையெல்லாம் பராமரிக்க யார் பணம் கொடுத்தார்கள்? மன்னரா?

மன்னருக்கு இதில் வேலை இல்லை. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்கு. பழுதுபார்க்கும் பொறுப்பு இரண்டாகப் பிரிந்திருந்தது: நேவ் ஊர் மக்களுடையது, சான்சல் அந்தப் பத்தில் ஒன்றைப் பெறும் ரெக்டருடையது. சில சர்ச்சுகளில் நேவ் மட்டும் பெரிதாக இருக்க, சான்சல் பழைய குட்டையாகவே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊரார் செலவழித்தார்கள், ரெக்டர் செலவழிக்கவில்லை என்று அந்த உருவத்திலிருந்தே ஊகிக்கலாம்.

இந்தப் பொறுப்பு இன்னும் சாகவில்லை என்பதுதான் ஆச்சரியம். 1536க்கும் 1540க்கும் இடையில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, மடங்கள் ரெக்டராக இருந்த இடங்களில் நிலம் தனியார் கைக்குப் போனது. சான்சலைப் பழுதுபார்க்கும் கடமையும் கூடவே போனது. வார்விக்ஷயரின் ஆஸ்டன் கான்ட்லோவில் ஒரு பண்ணைக்காரத் தம்பதியிடம் 1990களில் சுமார் 95,000 பவுண்டு கேட்டார்கள். வழக்கு அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபைவரை போய், 2003இல் தம்பதிக்கு எதிராகத் தீர்ப்பானது. நிலப் பதிவேட்டில் 2013 அக்டோபருக்குள் இந்தக் கடமையைப் பதியாவிட்டால், அதன்பின் நிலத்தை விலைக்கு வாங்குகிறவரை அது கட்டுப்படுத்தாது என்று சட்டம் மாற்றினார்கள். மாற்றியது நியாயம்தான் என்பேன்.

புதுமைவிரும்பி: வடக்கு வாசலைச் சாத்தானின் கதவு என்கிறார்களே?

ஞானஸ்நானத்தின்போது சாத்தான் வெளியேறத் திறந்து வைப்பார்கள் என்று சொல்லப்படும் கதை அது. அந்தக் கதவுக்கு அன்றைய வேலை ஊர்வலம். பண்டிகை நாட்களில் ஒரு வாசலில் புறப்பட்டுத் தோட்டத்தைச் சுற்றி மறுவாசலில் நுழைவார்கள். சீர்திருத்தத்தில் ஊர்வலங்கள் நின்றன, குளிர்காற்று வருகிற கதவைச் சுவர் வைத்து அடைத்தார்கள்.

இளங்கோ: கில்பெக்கைவிடப் பழையது இருக்கிறதா?

இருக்கிறது. டரம் மாவட்டத்தின் எஸ்கோம் 7ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. பக்கத்திலிருந்த ரோமானியக் கோட்டையின் கல்லை எடுத்துக் கட்டினார்கள்; ஆறாம் படையணியின் பெயர் பொறித்த கல் ஒன்று தலைகீழாகச் சுவரில் இருக்கிறது. எசெக்ஸின் கிரீன்ஸ்டெட்டில், பிளந்த ஓக் மரங்களை நட்டு எழுப்பிய சுவர் 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது.

எனக்கு நெருக்கமானது யார்க்ஷயரின் கிர்க்டேல். வாசலுக்கு மேலே ஒரு கல் சூரியக் கடிகாரம். கமலின் மகன் ஓர்ம், உடைந்து விழுந்து கிடந்த புனித கிரெகரி ஆலயத்தை வாங்கி அடியிலிருந்து புதிதாக எழுப்பினான், எட்வர்ட் மன்னர் காலத்தில், டோஸ்டி பிரபு காலத்தில் என்று பழைய ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. இந்த இரண்டு பேரும் சேர்ந்து பதவியில் இருந்தது 1055 முதல் 1065 வரை. கட்டியவன் பெயர், ஏன் கட்டினான், எப்போது கட்டினான், எல்லாமே ஒரே கல்லில். இப்படிக் கிடைப்பது மிக அபூர்வம்.

ஊர்சுற்றி: கடைசியாக ஒன்று அக்கா. அடுத்த கோடையில் வருகிறேன். கில்பெக்குக்கு எப்படிப் போவது, என்ன எடுத்துவர வேண்டும்?

ஹெரிஃபோர்ட்வரை ரயில் உண்டு. அங்கிருந்து காரில் வருவதே நல்லது. சர்ச் பகலில் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. உண்டியலில் உங்களால் ஆனதைப் போடுங்கள், கூரை அதில்தான் நிற்கிறது. தொலைநோக்கி கட்டாயம், கார்பெல்கள் தலைக்கு மேலே உயரத்தில் இருக்கின்றன. மேகமூட்டமான நாளைவிட வெயில் நாள் நல்லது, செதுக்கல் நிழலோடு எழுந்து நிற்கும்.

முதலில் உள்ளே போகாதீர்கள். வெளியே தெற்கு வாசலில் தொடங்கிக் கட்டடத்தை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். பிறகு உள்ளே வந்து ஏப்ஸின் கூரையை அண்ணாந்து பாருங்கள், கல் விலாக்கள் சேரும் முடிச்சில் நான்கு சிங்கத் தலைகள் இருக்கும். வெளியேறும் முன் தீர்த்தத் தொட்டியைத் தேடுங்கள். இரண்டு கைகள் ஒரு பெரிய வயிற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள் தம்பி, நான் எடுத்த ஒன்றுகூட சரியாக வரவில்லை.